ஆளியும் யாளியும்: கைவினையில் வாழும் கற்பனை விலங்குகள்

முன்னுரை

கண்ணால் கண்டதை மட்டும் படைத்து மனநிறைவு கொண்டவன் அல்லன் மனிதன். கண்ட உயிர்களின் உறுப்புகளைப் பிரித்தும் இணைத்தும் காணாத உயிர்களைப் படைத்தான். அவற்றைக் கல்லிலும் மரத்திலும் மண்ணிலும் உலோகத்திலும் வடித்தான். சிலவற்றை விண்ணளாவ நிறுத்தினான். சிலவற்றை உள்ளங்கையில் அடங்குமாறு சுருக்கினான். தமிழகக் கைவினைஞர் படைத்த அத்தகைய உயிர்களுள் தலையாயது யாளி.

பொட்டிபுரத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் தம் கைப்பேசியில் ஒரு படக்காட்சியைக் காட்டினார். யாளி என்பது ஒரு காலத்தில் தமிழ்நாட்டு மலைகளில் உண்மையாகவே வாழ்ந்து அழிந்துபோன விலங்கு என்றும், அதை நேரில் கண்டே நம் முன்னோர் செதுக்கினர் என்றும் அது கூறிற்று. “ஐயா, எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் அம்பரப்பர் மலையிலும் யாளி இருந்திருக்குமா?” என்று அவர் கேட்டார். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை; பெருமிதத்தோடு கேட்டார். எனவே, அவ்வினாவுக்குத் தமிழ் பயில்வோர் தரவேண்டிய விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் இலக்கியமும்

ஆனை, யானை எனவும் ஆறு, யாறு எனவும் ஆமை, யாமை எனவும் ஒரு சொல் இரு வடிவில் வழங்குதல் தமிழில் இயல்பு. அவ்வாறே ஆளி, யாளி என்னும் இரண்டும் ஒரு சொல்லின் இரு வடிவங்களாகும். சங்கச் செய்யுள்களில் ஆளி என்னும் வடிவைப் பலவிடத்தும் காணலாம்.

அச்செய்யுள்கள் ஆளியைப்பற்றிக் கூறுவன எவை? நற்றிணை 205-ஆம் பாடலில், புலியைக் கொன்ற வலிய களிற்றை ஆளி இழுத்துச் செல்கிறது. அகநானூறு 252-ஆம் பாடலில், புலியும் நடுங்கும்படி ஆளி பாய்ந்து சென்று, யானையின் நெற்றியில் அறைந்து, அதன் வெண்கோட்டைப் பறிக்கிறது. பொருநராற்றுப்படையில், இளமையிலேயே பகைவரை வென்ற கரிகாலனுக்கு, பால்குடி மறவாப் பருவத்தில் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்ற ஆளிக்குருளை உவமையாகிறது.

இம்மூன்றையும் ஒருசேர நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். மலைவாழ் மக்கள் அஞ்சிய விலங்கு புலி. அப்புலியையும் வெல்வது யானை. அந்த யானையையும் வெல்வது ஆளி. கண்ணறிந்த வலிமைப் படிகள் முடியும் இடத்தில், அதற்கும் மேலே ஒரு படியை அமைத்து, அதன்மீது புலவர்கள் ஆளியை நிறுத்தினர் எனலாம்.

இன்னொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. மேற்கூறிய மூன்று இடங்களிலும் ஆளியின் செயல் கூறப்படுகிறது. அதன் முழுவுருவம் கூறப்படவில்லை. இன்று நாம் தூண்களில் காணும் யாளிக்குரிய துதிக்கையும் அங்கே இல்லை. ஆளி என்பது அரிமாவையே குறித்தது என்பாரும், அரிமாவின் வேறான ஒன்று என்பாரும் உளர். எவ்வாறாயினும், செய்யுள் தந்தது செயல் மட்டுமே. உருவத்தைத் தந்தவன் சிற்பி.

கல்லில் வளர்ந்த உருவம்

அவ்வுருவம் ஒரே நாளில் பிறந்ததன்று. பல்லவர் காலத்தில் தூண்களைத் தாங்கியவை பெரும்பாலும் அமர்ந்த சிங்கங்களே. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் உள்ள புலிக்குகையின் முகப்பைச் சுற்றி 11 யாளித் தலைகள் வரிசையாக அமைந்துள்ளன. ஊரார் அதனைப் புலிக்குகை என்றழைப்பதிலிருந்தே, காண்போர்க்கு அவ்வுருவம் புலியா, சிங்கமா, வேறொன்றா என்னும் மயக்கம் இருந்தமை விளங்கும்.

முதலாம் இராசராசன் 1010-இல் நிறைவுசெய்த தஞ்சைப் பெரியகோயிலின் அடித்தளத்தில் யாளிவரி எனப்படும் வரிசை கட்டடத்தைச் சுற்றி ஓடுகிறது. விமானத்தின் பேரளவை அண்ணாந்து நோக்குவோர் கால் அருகே ஓடும் இச்சிறு உருவங்களைக் காணாமலே கடந்துவிடுவர்.

12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் கோயில் சிறு சிற்பங்களுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள ஒரு சிற்பத்தில் யானையும் காளையும் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டிற்கும் தலை ஒன்றே. இடப்புற உடலை மறைத்துப் பார்த்தால் ஒரு விலங்கு. வலப்புற உடலை மறைத்துப் பார்த்தால் மற்றொரு விலங்கு. யானையின் தந்தமும் காளையின் கொம்பும் ஒரே வளைவில் அமையக்கூடும் என்பதைக் கண்டறிந்த கண் அது. இரு விலங்குகளின் உடலமைப்பையும் நுணுகி அறியாதவனால் இதனை எண்ணியும் பார்த்தல் இயலாது.

நாயக்கர் காலத்தில் யாளி முன்கால்களைத் தூக்கி எழுந்து நின்றது. மதுரையில் திருமலை நாயக்கர் (1623-1659) எடுப்பித்த புதுமண்டபத்திலும், அதற்கு முற்பட்ட ஆயிரங்கால் மண்டபத்திலும் ஆளுயரத்தை விஞ்சிய யாளிகளைக் காணலாம். சிங்கத்தின் உடலும் பிடரியும், யானையின் துதிக்கையும் தந்தமும் ஓர் உருவில் இணைந்தன. ஆளி யானையை வென்றது என்று செய்யுள் கூறிற்று. அந்த வெற்றியைச் சொல்லின்றி ஒரே பார்வையில் உணர்த்த வேண்டிய சிற்பி, வென்றதன் முகத்திலேயே தோற்றதன் உறுப்பைப் பொருத்திவிட்டான் என்று இதற்குப் பொருள் காணலாம்.

சில யாளிகளின் வாயில் ஒரு கல்லுருண்டை இருக்கும். விரல்விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க இயலாது. அதனை வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கவில்லை. வாயைக் குடையும்போதே நடுவில் கல்லை விட்டுவைத்து, பற்களின் இடைவெளி வழியாகச் சிற்றுளியைச் செலுத்தி, சிறிது சிறிதாக அதனைத் தாய்க்கல்லிலிருந்து விடுவிப்பர். ஓர் அடி பிசகினால் உருண்டை உடையும். அல்லது பல் உடையும். உடைந்ததை ஒட்ட வழியில்லை.

கையளவு உயிர்கள்

பெரியவற்றை அனைவரும் காண்பர். கைவினையின் நுட்பம் சிறியவற்றிலேயே மிகுதியும் வெளிப்படும்.

தஞ்சாவூர் வீணையின் தண்டி முடியும் இடத்தில் கீழ்நோக்கி வளைந்த யாளிமுகம் ஒன்று உண்டு. குடமும் தண்டியும் போலவே அதுவும் பலாமரத்தால் ஆனது. ஒட்டு வீணையில் யாளிமுகத்தைத் தனியே செதுக்கி இணைப்பர். யாளித்தலை பொருந்தியமையாலேயே யாழ் அப்பெயர் பெற்றது என்பாரும் உளர். யானையைக் கொன்ற விலங்கு இசைக்கருவியின் நுனியில் அமைதியாக வளைந்து கிடத்தல் நம் மரபின் அழகிய முரண்களுள் ஒன்று.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் உச்சியில் அன்னம் அமர்ந்திருக்கும். பாலையும் நீரையும் பிரித்துண்ணும் என்று புலவர் பாடிய பறவை அது. செப்புத் திருமேனிகளின் பின்னமைந்த திருவாசி இருபுறமும் மகரத்தின் வாயிலிருந்து தொடங்கும். மகரமோ முதலையும் மீனும் யானையும் கலந்த நீருயிர். தேர்களின் மரப்பலகைகளிலும் இத்தகைய கலப்புயிர்கள் சாண் அளவில் நிறைந்துள்ளன.

இவ்வழக்கம் மிகத் தொன்மையானது. மொகஞ்சதாரோ, ஹரப்பா முதலிய சிந்துவெளி நகரங்களில் கிடைத்த மாக்கல் முத்திரைகள் பெரும்பாலும் ஓர் அங்குல அளவின. அவற்றில் மிகுதியாகக் காணப்படுவது ஒற்றைக்கொம்பு விலங்கு. அது காளையே என்றும், பக்கவாட்டில் வரைந்தமையால் இரு கொம்புகளும் ஒன்றாகத் தோன்றுகின்றன என்றும் அறிஞர் சிலர் கருதினர். ஆனால், அதே பண்பாட்டினர் கையால் பிசைந்து செய்த சிறு சுடுமண் உருவங்களிலும் ஒற்றைக்கொம்பு விலங்கு உண்டு. மண்ணுருவத்தை நாற்புறமும் திருப்பிப் பார்க்கலாம். அதில் மறைந்திருக்க மற்றொரு கொம்புக்கு இடமில்லை. எனவே, அம்மக்கள் ஒரு கொம்புடைய உயிரையே கருதினர் என்பது பெறப்படுகிறது. பெரிய அறிஞர்தம் விவாதத்துக்கு உள்ளங்கையில் அடங்கும் ஒரு மண்பொம்மை சான்று கூறியது.

செய்முறை மூன்று

இவ்வுயிர்களைச் செய்யும் முறையை மூன்றாகப் பகுக்கலாம். கல்லிலும் மரத்திலும் வேண்டாததை நீக்கிச் செய்தல் ஒன்று. மெழுகில் உருச்செய்து உலோகத்தை வார்த்தல் மற்றொன்று. மண்ணைச் சேர்த்துச் சேர்த்து வளர்த்தல் இன்னொன்று.

உலோக வார்ப்புக்குச் சுவாமிமலை பெயர்பெற்றது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவைச் செய்வர். தென்னையோலை நறுக்கை மடித்து உறுப்புகளின் அளவைக் குறித்துக்கொள்வர். உருவின்மேல் காவிரியின் வண்டல்மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவர். ஆறியபின் மண்ணச்சை உடைத்தே உருவை எடுக்கவேண்டும். எனவே ஓர் அச்சிலிருந்து ஓர் உருவமே பிறக்கும். அடுத்ததற்கு மீண்டும் மெழுகிலிருந்தே தொடங்கவேண்டும்.

மண்ணுருவம் எளிது என்று எண்ணுவோர் உண்டு. முன்கூறிய மாணவரும் அவ்வாறே எண்ணினார். விடுமுறையில் கண்மாய்க் களிமண்ணைப் பிசைந்து சாண் உயர யாளி ஒன்று செய்தார். நான்கு நாள் வெயிலில் காயவைத்து விறகடுக்கி நெருப்பிட்டார். சிறிது நேரத்தில் அது வெடித்துச் சிதறிற்று. பானை வனைந்து பழகிய முதியவர் ஒருவர் அத்துண்டுகளை எடுத்துப் பார்த்து, “உள்ளே மூச்சுவிட வழி வைக்கலையே, தம்பி” என்றாராம்.

அவ்வொரு தொடரில் ஒரு பாடமே அடங்கியுள்ளது. திரண்ட களிமண்ணின் மேற்புறம் காய்ந்தாலும் உட்புறத்தில் ஈரம் நிற்கும். நெருப்பில் அவ்வீரம் ஆவியாகி வெளியேற வழியின்றி உருவைப் பிளக்கும். ஆகையால்தான் குயவர் பெரிய மண்குதிரைகளையும் உள்ளே வெற்றிடமாகச் செய்கின்றனர். கால்களைக் குழல்போல் வனைந்து உடலோடு பொருத்துகின்றனர். களிமண்ணோடு மணலும் உமியும் கலக்கின்றனர். காற்றுப்போகத் துளை விடுகின்றனர். கற்பனை விலங்கேயானாலும் நெருப்பின் விதி அதற்கும் உண்டு.

மதுரைக்கு அருகில் திருப்பரங்குன்றத்தை அடுத்துள்ள விளாச்சேரி இம்மண்கலையில் பெயர்பெற்ற ஊர். நவராத்திரிக் கொலுவுக்கான பொம்மைகளும், கிறித்துமசுக் குடிலுக்கான உருவங்களும் அவ்வூரில் உருவாகின்றன. எனினும், கைப்பிசைவின் இடத்தை அச்சும், சுட்ட மண்ணின் இடத்தைக் காகிதக்கூழும் பாரிசுச் சாந்தும் பெருமளவு பிடித்துக்கொண்டன. அச்சால் உழைப்புக் குறையும், விலையும் குறையும். அதனைக் குறைகூற இயலாது. ஆனால், அச்சு முன்பே எண்ணப்பட்டதை மட்டுமே தரும். புதிதாக எண்ணும் கைக்கு வேலை குறைந்தால் அக்கையில் உள்ள அறிவும் குறையும்.

உருவமும் உருவின்மையும்

உயிர்களின் உருவை வழிபாட்டிடத்தில் தவிர்ப்பது இசுலாமிய மரபு. ஆயினும் தமிழ்க் கல்தச்சு மரபுக்கு அங்கும் இடமிருந்தது. கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளிவாசல் திராவிடக் கட்டடமுறையில் அமைந்தது. அதன் கல்தூண்களும் போதிகைகளும் தமிழகக் கல்மண்டபங்களை நினைவூட்டுவன. ஆனால், யாளி நிற்கவேண்டிய இடத்தில் பூவும் கொடியும் விளங்குகின்றன. ஒரே உளிமரபு இடமறிந்து தன் மொழியை மாற்றிக்கொண்டமைக்கு இஃது ஒரு சான்று.

சொல்லில் வியத்தகு உயிர்களைப் படைப்பதிலும் அவற்றைத் தொகுப்பதிலும் இசுலாமிய நாகரிகம் பின்தங்கவில்லை. 1283-இல் மறைந்த அல்கஸ்வீனி, ‘அஜாயிபுல் மக்லூகாத்’ என்னும் நூலில் படைப்பின் வியப்புகளைத் தொகுத்தார். அதன் ஓவியப்படிகள் பல நாடுகளில் பரவின. நிஷாப்பூரைச் சேர்ந்த பரீதுத்தீன் அத்தார் இயற்றிய ‘மன்திக்குத் தைர்’ என்னும் பாரசீகக் காவியத்தில், பறவைகள் தம் அரசனான சீமுர்க் என்னும் பெரும்பறவையைத் தேடிப் புறப்படுகின்றன. இறுதியில் சென்றடைந்தவை முப்பதே. பாரசீகத்தில் ‘சீ’ என்பது முப்பது. ‘முர்க்’ என்பது பறவை. தேடிய சீமுர்க் தாமே என்பதை அவை உணர்கின்றன. கற்பனை உயிர் வெளியே எங்கோ ஒளிந்திருப்பதன்று; அதனைத் தேடுவோரிடமே அது உள்ளது என்னும் அவ்வுண்மை நம் வினாவுக்கும் பொருந்தும்.

ஐயமும் விடையும்

இனி மாணவர்தம் வினாவுக்கு வருவோம். யாளி உண்மையில் வாழ்ந்தது என்போர் காட்டும் சான்றுகளுள் வலியது குறிஞ்சிப்பாட்டு. தலைவன் இரவில் வரும் மலைவழியின் ஏதங்களை எண்ணித் தலைவி அஞ்சும் இடத்தில், புலி, கரடி, ஆமான், களிறு ஆகிய உண்மை விலங்குகளோடு ஆளியும் எண்ணப்படுகிறது. உண்மை விலங்குகளுக்கு நடுவே பொய்விலங்கு வருமா என்று அவர்கள் கேட்கின்றனர். நியாயமான வினாவே. ஆனால், பட்டியலை முழுமையாகப் படித்தல் வேண்டும். அதே வரிசையில் சூர் என்னும் வருத்தும் தெய்வமும், பழு என்னும் பேயும் எண்ணப்படுகின்றன. எனவே அது விலங்குநூற் பட்டியல் அன்று. ஓர் உள்ளத்தின் அச்சங்களது பட்டியல்.

இரண்டாவதாக, யானையின் சிற்பம் எக்கோயிலில் இருந்தாலும் யானையாகவே இருக்கிறது. யாளியோ சிங்க யாளி, யானை யாளி, குதிரை யாளி, மகர யாளி எனப் பலவாறு வேறுபடுகிறது. நேரில் கண்ட விலங்கு இடந்தோறும் உடல் மாறுவதில்லை.

மூன்றாவதாக, மண்ணும் அதற்குச் சான்று தரவில்லை. கீழடி அகழாய்வில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தபோது மாடு, எருமை, ஆடு, கலைமான், காட்டுப்பன்றி, மயில் முதலியன இனங்காணப்பட்டன. யானையை வெல்லும் பேருயிர் ஒன்றின் எலும்பு தமிழக அகழாய்வு எதிலும் வெளிப்படவில்லை.

இவை அறிவுவழிப்பட்ட விடைகள். இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. யாளி வாழ்ந்தது என்று கூறுவோர் நம் முன்னோரைப் பெருமைப்படுத்தவே விரும்புகின்றனர். ஆனால், நேர்வது அதன் மறுதலை. இருந்த விலங்கைப் பார்த்துச் செதுக்கினான் என்றால் சிற்பி படியெடுத்தவன் ஆகிறான். இல்லாத விலங்கை, காண்போர் இருந்தது என்று சூளுரைக்கும் அளவுக்கு உயிர்ப்போடு செய்தான் என்றால் அவன் படைப்பாளி ஆகிறான். யாளியைக் காட்டுக்குக் கொடுத்துவிட்டால் அதனை ஆக்கிய கையிலிருந்து பறித்துக்கொண்டவர் ஆவோம். பெயர் பொறிக்காமல் மறைந்த அக்கைவினைஞர்க்கு எஞ்சியிருக்கும் உடைமை அக்கற்பனை ஒன்றே.

முடிவுரை

அம்பரப்பர் மலையில் யாளி வாழ்ந்ததா என்னும் வினாவுக்கு என் விடை இதுவே: மலையில் வாழவில்லை, மலையை அறிந்தவர் மனத்தில் வாழ்ந்தது, அவர்தம் மொழியைக் கேட்ட சிற்பியின் கையில் உருப்பெற்றது.

மாணவர்கள் இரண்டு பணிகளை மேற்கொள்ளலாம். ஒன்று, மண்ணிலும் மரத்திலும் உலோகத்திலும் உருச்செய்வோரிடம் நேரிற்சென்று, அவர்தம் கருவிகள், அளவுகள், உறுப்புகள், குறைகள் ஆகியவற்றுக்கு வழங்கும் சொற்களைத் தொகுத்தல். அகராதி ஏறாத தமிழ்ச்சொற்கள் பல அவர்தம் வாயில் உள்ளன. அவர் மறைந்தால் அச்சொற்களும் மறையும்.

மற்றொன்று, தாமே ஓர் உயிரைப் படைத்துப் பார்த்தல். போடிநாயக்கனூரைச் சூழ்ந்த ஏலமலைச் சரிவுகளிலும் அதையடுத்த மேகமலைக் காடுகளிலும் காட்டுமாடும், சங்கப்புலவர் வருடை என்ற வரையாடும், மலையணிலும், இருவாச்சியும் உள்ளன. காட்டுமாட்டின் திமிலையும் வரையாட்டின் குளம்பையும் இருவாச்சியின் அலகையும் ஓர் உருவில் இணைக்க விரும்புவோர், முதலில் அம்மூன்றையும் உற்றுநோக்க வேண்டும். இல்லாத விலங்கைச் செய்வதற்கு இருக்கும் விலங்குகளை அறிதல் இன்றியமையாதது என்பது அப்போது தானே விளங்கும். அவ்வாறு அறிந்தவர் அவை அழிவதைப் பார்த்துக்கொண்டிரார்.

பொட்டிபுரத்து மாணவர் இரண்டாம் முறை செய்த யாளி உடையவில்லை. வயிற்றைக் குடைந்து, வாய்வழியே காற்றுப்போகச் செய்திருந்தார். ஒரு காது சற்றுக் கோணல். துதிக்கை சிறிது தடித்துவிட்டது. தமிழ்த்துறை நூலடுக்கின்மேல் இப்போது அது நிற்கிறது. புதிதாக வரும் மாணவர்கள் அதனைக் கண்டு, “இது எந்தக் காட்டு விலங்கு?” என்று கேட்கின்றனர். “இது கையில் பிறந்த விலங்கு” என்று அவரே விடை கூறுகிறார்.